பெயரில் தமிழ் தாங்கிய கழகம்

கொழும்பு மாநகரின் பழைய விளையாட்டுக் கழகங்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்ப்பவர், தாம் ஒரு குடிசன மதிப்பு அறிக்கையையே பிரதி செய்வதாக மயங்கக்கூடும். ஐரோப்பியத் துரைமாருக்காக 1863 இல் கொழும்பு கிரிக்கெட் கழகம் தோன்றியது. மலாயருக்கு 1872 இலும் பறங்கியருக்கு 1896 இலும் தனித்தனிக் கழகங்கள் எழுந்தன. சிங்களவரும் தமிழரும் 1899 என்ற ஒரே ஆண்டிலேயே தத்தம் பெயராற் கழகம் அமைத்துக்கொண்டனர். சோனகருடைய கழகம் 1908 இல் வந்து சேர்ந்தது. இவற்றுக்கிடையே 1888 இல் தோன்றிய நொன்டெஸ்கிறிப்ற்ஸ் கழகத்தின் பெயர் சுவையானது. இன்ன வகையினரெனக் கூறவியலாதோர் என்பதே அதன் பொருள். இனப் பெயரைச் சூடிக்கொள்ள விரும்பாதவர்கள் அவ்விருப்பமின்மையையே ஒரு பெயராகச் சூடிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதிலிருந்து அக்காலக் கொழும்பின் இயல்பு நன்கு விளங்கும்.

ஆளுநர் சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைப் பெற்ற ஹெவ்லொக் டவுனில், பூங்காவை அடுத்து, பறங்கியர் கழகத்தின் மைதானமும் ஹெவ்லொக் றக்பிக் கழகத்தின் மைதானமும் இன்றும் அயலயலாகக் கிடக்கின்றன. ஒன்று மக்களாற் பெயர் பெற்றது. மற்றையது இடத்தாற் பெயர் பெற்றது. அங்கிருந்து திம்பிரிகஸ்யாய, நாரஹேன்பிட்டி வழியாக வடக்கே பொரளைப் பக்கஞ் சென்றால், வனாத்தமுல்லையில் மூன்றாவதொரு மைதானம் உண்டு. அதன் உரிமையாளர் தமிழ் யூனியன் கிரிக்கெட் மெய்வல்லுநர் கழகத்தினர். இலங்கையின் முதலாவது டெஸ்ற் போட்டி நடந்ததும், இலங்கை முதலாவது டெஸ்ற் வெற்றியை ஈட்டியதும் அம்மைதானத்திலேயாம். ஒரு சிறுபான்மை மக்களின் பெயரைத் தாங்கிய கழகத்தின் நிலத்தில் ஒரு நாட்டின் விளையாட்டு வரலாறு தொடங்கியமை தற்செயலா, அன்றி அதற்கொரு சமூகப் பின்னணி உண்டா என்பது ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாக ஸ்பானிய தேசத்துக் கழகமொன்றை ஒப்பு நோக்கலாம். தமிழ் யூனியன் தோன்றிய அதே 1899 ஆம் ஆண்டின் நவம்பர் 29 ஆந் திகதி, ஹன்ஸ் கம்பர் என்ற சுவிற்சலாந்து இளைஞரின் முயற்சியால் பார்சிலோனா உதைபந்தாட்டக் கழகம் உருவாயிற்று. தொடக்கத்தில் அது சுவிசரும் ஆங்கிலேயரும் சில கற்றலன் இளைஞரும் கூடியாடிய குழுவேயன்றி வேறில்லை. காலப்போக்கிற் கற்றலன் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1925 யூன் 14 ஆந் திகதி அக்கழகத்தின் மைதானத்தில், வருகை தந்திருந்த பிரித்தானியக் கடற்படை வாத்தியக் குழு ஸ்பானிய அரச கீதத்தை இசைத்தபோது கூட்டத்தினர் சீழ்க்கையடித்து அதனை இகழ்ந்தனர். தொடர்ந்து ஆங்கிலேயரின் கீதம் எழுந்தபோது கரகோஷம் செய்தனர். சர்வாதிகாரி பிறிமோ டி றிவேராவின் அரசாங்கம் மைதானத்தை மூடுமாறு கட்டளையிட்டது. கழகத்தைப் பெற்றெடுத்த கம்பரே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட 1936 இல் கழகத் தலைவர் யோசெப் சுன்யோல் பிராங்கோவின் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிராங்கோ ஆட்சியில் கழகத்தின் பெயரே ஸ்பானிய மொழி மரபுக்கேற்ப மாற்றப்பட்டது; பழைய பெயர் மீண்டது 1974 இல்.

பெயருக்காக இத்தனை துன்புற்ற கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து நோக்கினால் ஒரு வியப்புக் காத்திருக்கும். 1950 இல் வந்து சேர்ந்த லாஸ்லோ குபாலா, ஹங்கேரியிலிருந்து தப்பியோடி வந்த அகதி. அவருடைய ஆட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதாமற் போனமை 1957 இல் காம்ப் நூ எழுந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்றெனக் கூறுவர். 1973 இல் வந்த யொஹான் குறைவ் ஒல்லாந்தர். 1974 பெப்ரவரியில் தலைநகர் மட்றிட் சென்று றியல் மட்றிட் அணியை ஐந்துக்குப் பூச்சியமெனத் தோற்கடித்த குழுவின் உயிர்நாடி அவரே. அவ்வாண்டு பிறந்த தம் மகனுக்கு, ஸ்பானியப் பதிவகங்கள் ஏற்க மறுத்த கற்றலன் பெயரான யோர்டி என்பதைச் சூட்டி, அதனை ஒல்லாந்திற் பதிவு செய்து வந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவனாக 2000 ஆம் ஆண்டில் ஆர்ஜென்றீனாவிலிருந்து வந்த லியொனல் மெஸ்ஸி, 2021 இல் விலகும்வரை அக்கழகத்துக்காக 672 கோல்கள் அடித்தார். மூவருள் ஒருவர்தானும் கற்றலன் அல்லர். இதற்கு நேர்மாறாக, அதே ஸ்பெயினின் வடபகுதியிலுள்ள பில்பாவோக் கழகம் பாஸ்க் மக்களையும் பாஸ்க் மண்ணில் ஆட்டம் பயின்றோரையுமன்றி வேறெவரையுஞ் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை நூறாண்டுக்கு மேலாகப் பேணி வருகின்றது. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கும் கழகத்துக்கு முன்னே இவ்விரு பாதைகளும் உண்டு. தமிழ் யூனியன் எப்பாதையிற் சென்றது?

முதலில் அதன் பிறப்பை நோக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்பிலே குடியேறியிருந்த தமிழர், ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த மத்தியதர வர்க்கத்தினர்: அரசாங்க எழுதுவினைஞர், சட்டத்தரணிகள், வைத்தியர், சிவில் சேவையினர். துரைமார் கழகத்தின் கதவு அவர்களுக்குத் திறவாதிருந்தது. துரைமாரின் ஆட்டத்தைத் துரைமாரைப் போலவே ஆடிக்காட்டுவது அவ்வர்க்கத்தின் வேட்கையாயிருந்தது. கழகத்தின் பெயரிலே தமிழ் உண்டு; ஆயினும் அப்பெயர் முழுவதும் ஆங்கிலமே. பார்சிலோனாவுக்குப் பின்னால் ஒரு நகரமே நின்றது. தமிழ் யூனியனுக்குப் பின்னால் நின்றது ஒரு குழாம். யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதி வந்த போட்டிக்குத் திரண்ட சனங்களுக்கும் இக்கழகத்துக்குமிடையே இருநூறு மைலுக்கு மேற்பட்ட இரும்புப் பாதை மட்டுமன்றி, வர்க்க இடைவெளியும் இருந்தது. இதனை மறைத்துக் கழகத்தை ஏதோ தமிழ்த் தேசியத்தின் பாசறையாகச் சித்திரிப்பது வரலாறாகாது.

அக்குழாத்தின் ஆற்றலையும் வீச்சையும் அறியச் சரவணமுத்துக் குடும்பம் ஒன்றே போதும். சகோதரருள் இரத்தினசோதி சரவணமுத்து 1937 இற் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்து 1932 இற் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து சட்டசபை புகுந்தார். பினாங்கிற் பத்திரிகாசிரியராயிருந்த மாணிக்கசோதி சரவணமுத்து, 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் அத்தீவைக் கைவிட்டோடியபின், யப்பானியரின் குண்டு வீச்சை நிறுத்தும்பொருட்டுக் கோட்டையிலிருந்த பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியேற்றினார். அதனைக் கிரிக்கெட்டோடு தொடர்புபடுத்த எதுவுமில்லையெனினும், குடும்பத்தினரின் நெஞ்சுரத்துக்கு அது சான்று. தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டு அதிகாரியாகக் கடமையாற்றிய பாக்கியசோதி சரவணமுத்துவே கழகத்தின் வரலாற்றைத் திசை திருப்பியவர். அவருடைய முயற்சியாற் கழகம் வனாத்தமுல்லையிற் சொந்த மைதானம் பெற்றது. கொழும்பு ஓவல் என்ற பெயருடன் அது 1940 இற் திறந்துவைக்கப்பட்டது. இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 1948 இல் அமைந்தபோது அதன் முதலாவது தலைவரும் அவரே. 1950 இல் அவர் காலமானபின், கழகங்களுக்கிடையிலான முதன்மைப் போட்டி பல்லாண்டுகளாகச் சரா கிண்ணம் என்றே வழங்கியது. சிங்களக் கழகத்தவரும் பறங்கியர் கழகத்தவரும் சோனகர் கழகத்தவரும் ஒரு தமிழரின் பெயர் பொறித்த கிண்ணத்துக்காகப் போட்டியிட்டனர். அது அக்காலத்தில் எவருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை.

1948 பெப்ரவரி 4 ஆந் திகதி இலங்கை சுதந்திரமடைந்தது. ஏழு வாரங்களின் பின், மார்ச் 27 ஆந் திகதி, இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடிற்று. அதன் தலைவர் டொனால்ட் பிரட்மன். இலங்கையணியின் தலைவர் தமிழ் யூனியனைச் சேர்ந்த மகாதேவ சதாசிவம். பிரட்மன் இருபது ஓட்டங்களே பெற்றார். கூட்டத்தினருக்கு அது ஏமாற்றம். அதனினும் சுவையான செய்தி, இருபத்திரண்டு யாராக இருக்கவேண்டிய ஆடுகளம் இருபது யாரே இருந்தமை ஆட்டத்தினிடையே வெளிப்பட்டதாகும். உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரருக்கு இரண்டு யார் குறைத்துக் கொடுத்த பெருமை இன்றும் இம்மைதானத்துக்கே உரியது!

சதாசிவம் 1915 இற் பிறந்தவர். வெஸ்லிக் கல்லூரியின் மாணவர். 1947 இற் சென்னைச் சேப்பாக்கத்தில் அவர் அடித்த 215 ஓட்டங்களைப் பற்றிச் சென்னையின் பழைய இரசிகர் நெடுங்காலம் பேசினர். 1950 இற் பொதுநலவாய அணிக்கெதிராகச் சதத்துக்கு நான்கு குறைய ஆட்டமிழந்த இனிங்ஸும் அவ்வாறே புகழ்பெற்றது. தாம் கண்டவருள் இவரே தலைசிறந்த துடுப்பாட்டக்காரரென மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொறெல் பாராட்டியதாகக் கிரிக்கெட் வட்டாரங்களில் வழிவழியாக ஒரு செய்தி உண்டு. அவர் ஆடிய முதற்றரப் போட்டிகள் மிகச் சிலவே. இலங்கைக்கு டெஸ்ற் தகுதி கிட்டியதோ அவர் மறைந்த பின்னர். ஆகவே புள்ளிவிபர ஏடுகளில் அவருக்குரிய இடம் சிறிது. கண்டவர் வாய்மொழியே அவருடைய உண்மையான ஆட்டப் பதிவேடு. பந்தைப் பிந்தியே சந்திக்கும் நிதானம், பந்துவீச்சாளனைக் கேலி செய்வது போன்ற அலட்சியம், இரவெல்லாம் கேளிக்கையிற் கழித்துக் காலையில் நேரே மைதானம் வந்து ஓட்டங் குவிக்கும் விசித்திரம் என்பனவெல்லாம் அவரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதைகளாயின. இவற்றுட் பாதியைத் தள்ளிவிட்டாலும் எஞ்சுவது ஒரு பெருங் கலைஞனின் உருவமே.

அவருடைய வாழ்வின் இருண்ட பகுதியையும் வரலாறு விட்டுவைக்க இயலாது. 1951 அக்டோபரிற் பம்பலப்பிட்டியிலிருந்த இல்லத்தில் அவருடைய மனைவியார் கொலையுண்டார். சதாசிவம் குற்றஞ்சாட்டப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நாடே கூர்ந்து நோக்கிய அவ்வழக்கில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதிட்டார். 1953 இல் யூரர் அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பளித்தனர். பின்னர் அவர் கடல் கடந்து சென்று சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆடினார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கிய அவர், 1977 யூலையிற் கொழும்பில் இறந்தார்.

அந்த 1977 ஆம் ஆண்டு கழக வரலாற்றிலே பல வகையாற் குறிப்பிடத்தக்கது. கொழும்பு ஓவல் என்ற ஆங்கிலேயச் சாயற் பெயர் நீங்கி, மைதானம் பி. சரவணமுத்து மைதானமானது அவ்வாண்டிலேயே. அதே ஆண்டு ஆகஸ்டில் தேர்தலையடுத்து எழுந்த இனக்கலவரத்தில் தமிழர் பலர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். கண்டியை அடுத்த குண்டசாலையில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலை தாக்கப்பட்டது. அதன் உரிமையாளரும் காயமுற்றார். அவருடைய மூத்த மகனுக்கு அப்போது வயது ஐந்து. அச்சிறுவனின் கதை பின்னர் வரும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பலான 1981 ஆம் ஆண்டில், அத்தீயின் பின் இரு மாதங்கள் கழியுமுன்னரே, யூலை 21 ஆந் திகதி, இலங்கைக்கு டெஸ்ற் தகுதி வழங்கப்பட்டது. 1982 பெப்ரவரி 17 ஆந் திகதி சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துடன் முதலாவது டெஸ்ற் தொடங்கியது. அணித் தலைவர் பந்துல வர்ணபுர முதற் பந்தை எதிர்கொண்டார். பதினெட்டு வயதுப் பாடசாலை மாணவன் அர்ஜுன ரணதுங்க அரைச்சதமடித்தார். முதல் இனிங்ஸில் இரு அணிகளுக்குமிடையே ஐந்து ஓட்டங்களே வித்தியாசம். இரண்டாம் இனிங்ஸில் ஜோன் எம்புறியின் சுழற்பந்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விக்கெட்டுகள் சரிய, இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது.

அதன்பின் வந்தது 1983. யூலை 23 ஆந் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் படையினர் பதின்மூவர் கொல்லப்பட்டனர். அவர்களை அடக்கஞ் செய்யவெனக் கூட்டங் கூடியது பொரளைக் கனத்தை மயானத்தில். கழக மைதானம் இருக்கும் அதே பொரளைப் பகுதியில். அங்கு 24 ஆந் திகதி இரவு மூண்ட தீ மறுநாள் வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் ஹெவ்லொக் டவுனையும் சூழ்ந்தது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தி வந்தோர் பெயரைக் கொண்டே வீட்டை அடையாளங் கண்டனர். கழகங்களுக்கு இனப் பெயர் சூட்டி, ஒருவரோடொருவர் தேநீர் அருந்தி, கிண்ணத்துக்காக மட்டும் பொருதிய 1899 ஆம் ஆண்டின் கனவான்கள், பெயர் என்பது இவ்வாறும் பயன்படும் என எண்ணியிருக்கமாட்டார்கள். கழகத்துக்கு ஆதரவு நல்கி வந்த குடும்பங்கள் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றன. அங்கிருந்து பல கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சிதறின. எனினும் கழகத்தின் பெயர் மாற்றப்படவில்லை. பிராங்கோவின் ஸ்பெயினிற் பார்சிலோனாவுக்கு நேர்ந்தது இங்கு நேரவில்லை என்பதனையும் நேர்மையோடு பதிவு செய்தல் வேண்டும்.

முதற் போட்டியின் பின் மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1985 செப்தெம்பரில் அம்மைதானத்திலே இந்தியாவுடன் ஆட்டம். தமிழ் இயக்கங்களுடன் அரசாங்கம் திம்புவில் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்து அப்போது ஒரு மாதமும் ஆகவில்லை. விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதமடித்ததோடு ஒன்பது பேரின் ஆட்டமிழப்புக்கும் காரணமானார். ருமேஷ் ரத்நாயக்க ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தி, இறுதியிற் கபில் தேவ் அடித்த பந்தைத் தாமே ஏந்திப் பிடித்து ஆட்டத்தை முடித்தார். 149 ஓட்டங்களால் இலங்கை தன் முதலாவது டெஸ்ற் வெற்றியை அடைந்தது. நாடு முழுவதும் கொண்டாடிய அவ்வெற்றியின் செய்தி, தமிழ்ப் பெயர் தாங்கிய மைதானத்திலிருந்தே உலகெங்குஞ் சென்றது. அச்செய்தியை அகதியாக வேறொரு நாட்டிலிருந்து படித்த பழைய உறுப்பினர்கள் மகிழ்ந்தனரா, மனங்கசந்தனரா? இரண்டும் ஒருங்கே நிகழ்ந்திருத்தல் கூடும்.

மேலே குறித்த குண்டசாலைச் சிறுவன்தான் முத்தையா முரளிதரன். 1920 இற் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரன். சதாசிவம் பிரட்மனோடு நாணயஞ் சுண்டிய அதே 1948 இற் கொண்டுவரப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், இத்தகைய மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. கொழும்புத் தமிழ்க் கனவான்கள் தொடங்கிய கழகத்துக்கும் தோட்டத்து லயன்களுக்குமிடையே இருந்த தூரம், சிங்களக் கழகத்துக்கும் தமிழ்க் கழகத்துக்குமிடையே இருந்த தூரத்திலுங் கூடியது. ஆயினும் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசத் தொடங்கி, பதினான்கு வயதளவிற் பயிற்றுனரின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறிய அவ்விளைஞன், பாடசாலை முடிந்ததும் சேர்ந்தது தமிழ் யூனியனில். கழகத்தின் நூற்றாண்டு வரலாற்றில் அதன் பெயருக்கு முழுப் பொருளை அளித்த நிகழ்ச்சி இதுவேயெனத் துணிந்து கூறலாம். அதுவரை ஒரு வர்க்கத்தைச் சுட்டிய சொல், அன்றுதான் ஒரு மக்களைச் சுட்டத் தொடங்கியது.

1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக அவர் டெஸ்ற் அரங்கேறினார். 1995 டிசம்பர் 26 ஆந் திகதி மெல்பேணில் நடுவர் டறெல் ஹெயர், அவர் பந்தை எறிவதாகக் கூறி மூன்று ஓவர்களுள் ஏழு முறை தவறான பந்தென அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கையே அத்தோற்றத்துக்குக் காரணமென ஆய்வுகூடச் சோதனைகள் பின்னர் காட்டின. அந்நாட்களில் அவர் பக்கம் உறுதியாக நின்றவர் அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க. சிங்களக் கழகத்து ஆட்டக்காரர். தமிழ்க் கழகத்துப் பந்துவீச்சாளனைச் சிங்களக் கழகத்துத் தலைவன் காத்து நின்ற அக்காட்சியை 1899 இன் இரு தரப்புக் கனவான்களும் கண்டிருந்தால் தம் கழகங்களைப் பற்றி வேறுவிதமாக எண்ணியிருப்பர். மூன்று மாதங்களுக்குள், 1996 மார்ச் 17 ஆந் திகதி, அவ்விருவரும் இலாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றனர். 2010 யூலையிற் காலியிலே தம் இறுதிப் போட்டியின் இறுதி விக்கெட்டாக முரளிதரன் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தினார்.

அவருடைய புகழ் விளையாட்டரங்கின் எல்லையோடு நிற்கவில்லை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அவர் கூறிய அரசியற் கருத்துகள் தமிழருட் பலரைப் புண்படுத்தின. அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாக்க முனைந்தபோது தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பினால் நடிகர் விஜய் சேதுபதி 2020 அக்டோபரில் அதிலிருந்து விலகினார். ஒரு மக்களின் பெயரைத் தாங்கும் கழகத்துக்கு ஆடியவர் அம்மக்களின் குரலாகவும் இருத்தல் வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமா? குறைவ் தம் மகனுக்குக் கற்றலன் பெயரிட்டார். மெஸ்ஸி கற்றலன் அரசியலைப் பற்றி அதிகம் வாய் திறந்தவரல்லர். இருவரையும் பார்சிலோனா மக்கள் தோளில் தூக்கினர். தீயையும் குருதியையும் கண்ட மக்களிடம் அத்தகைய தாராளத்தை எதிர்பார்ப்பது எளிதன்று. அவ்வாறே, ஐந்து வயதில் தந்தையின் தொழிற்சாலை தாக்கப்படுவதைக் கண்டவரைத் துன்பமறியாதவரெனப் பழிப்பதும் பொருந்தாது.

ஆட்டக்காரரைச் சேர்ப்பதிற் கழகம் பில்பாவோவின் வழியைப் பின்பற்றவில்லை என்பது தெளிவு. முரளிதரனின் காலத்திலேயே உபுல் சந்தன, நிரோஷன் பண்டாரதிலக்க போன்ற சிங்கள இளைஞர் தமிழ் யூனியனுக்காக ஆடினர். பின்னர் சுரங்க லக்மால், ஜீவன் மெண்டிஸ் முதலியோர் வந்தனர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் முன்னணிப் பந்துவீச்சாளர், குருநாகற் பக்கத்து ரங்கன ஹேரத். முரளிதரன் விட்ட இடத்தை நிரப்பிய அவர், இடதுகைப் பந்துவீச்சாளருள் எவரும் அதுவரை எட்டாத 433 டெஸ்ற் விக்கெட்டுகளுடன் 2018 இல் ஓய்வுபெற்றார். இதனைக் கழகம் தன் இயல்பை இழந்த கதையாகச் சிலர் கூறுவர். தமிழ் இளைஞர் ஒரு தலைமுறையாக நாட்டை விட்டு நீங்கினர். வடக்குக் கிழக்கில் எஞ்சியோருக்கு மைதானங்கள் இல்லாதிருந்தன. அந்நிலையில் ஒரு கழகம் உயிர்வாழ வேறு வழி யாது என்பதனையும் அவர்கள் கூறுதல் வேண்டும்.

2015 ஆகஸ்டிற் குமார் சங்கக்கார தம் இறுதி டெஸ்ற் போட்டியை ஆடி விடைபெற்றதும் இம்மைதானத்திலேயே. ஈராண்டின் பின், 2017 மார்ச்சில், வங்காளதேசம் தன் நூறாவது டெஸ்ற் போட்டியை ஆட இங்கு வந்தது. மொழிக்கான கிளர்ச்சியில் முளைவிட்டுப் போரிற் பிறந்த அந்நாடு, அதுவரை இலங்கையை டெஸ்ற் போட்டியில் வென்றதில்லை. அஞ்சலோ மத்தியூஸ் காயமுற்றிருந்தமையால் இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் ஹேரத். 1948 இற் சதாசிவம் நின்ற அதே திடலிலே, அதே கழகத்தைச் சேர்ந்த இன்னொரு தலைவர் நாணயஞ் சுண்ட நின்றார். ஐந்தாம் நாள் மாலை வங்காளதேசம் நான்கு விக்கெட்டுகளால் வென்றது.